சேனை வைத்த துரை

அத்தியாயம் ஏழு

பசறைப் பக்கமிருந்து த்ரீ வீலர் இரைந்துகொண்டு ஏறி வருவது கேட்டதும் மேட்டு லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. லதுஷாவும் சாத்தத்தான் எழுந்தாள். அவள் காம்பராவின், அந்த ஒற்றை அறை வீட்டின், தாழ்ப்பாள் போன மழைக்கே கழன்று விழுந்துவிட்டது. கதவைத் தள்ளி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். தம்பி சிந்துஜன் இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்து, ஓடி வந்து பக்கத்தில் தானும் முதுகைக் கொடுத்தான்.

"பிள்ளை, கதவுக்குக் கீழால நாலு கால் தெரியுது" என்றது வெளியே ஒரு பெண் குரல்.

"ரெண்டு கால் சின்னன் மிஸ். பூனையா ஈக்கும்" என்றது ஓர் ஆண் குரல்.

சிந்துஜன் சிரித்துவிட்டான். அதற்கு மேல் ஒளிந்து என்ன பயன்? லதுஷா விலகி நின்றாள். கதவு தானாகத் திறந்தது.

ஈரக் குடையும் கனத்த தோள்பையுமாக நின்றவர் சரோஜாதேவி. வடக்கிலிருந்து வந்து பதுளை நீதிமன்றத்தில் நெடுங்காலம் தட்டெழுத்தாளராக இருந்து, ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வக்கீல்களுக்காக உண்மையைத் தேடிக் கொடுக்கிறார். பின்னால் தலை துவட்டிக்கொண்டு நின்றவன் ஜுனைதீன். த்ரீ வீலர் அவனுடையது. வாயும் அவனுடையது. வாடகை த்ரீ வீலருக்கு மட்டும்தான், மற்றது இலவசம் என்பார் சரோஜாதேவி.

"உள்ளுக்கு வரலாமோ?"

"வாங்க மிஸ்" என்றாள் லதுஷா. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வந்தவர்களை மழையில் நிறுத்தி வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சிவஞானம் போன வாரம் லயம் லயமாக வந்து, அடுத்த வெள்ளிக்கிழமைச் சாட்சிக்கு ஆள் தேடி இவர்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார். இவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் வாசலில் கூடுதலாக ஒரு நிமிடம் நின்று, "ஒங்க வீட்டுல இப்ப தோட்டத்து வேலையில ஒருத்தரும் பேர்ல இல்ல புள்ள. சட்டப்படி பாத்தா இந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வாய வச்சிக்கிட்டு இருந்தா இருக்கலாம்" என்றிருந்தார்.

அப்பா ஜெயகுமார் இறந்து இரண்டு வருடம். அம்மா விஜயலெட்சுமி அந்தத் துக்கத்தோடேயே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் வருடம் மாதம் தவறாமல் லுணுகலை டவுனில் டெலிபோன் கடைக்கு எடுத்துப் பேசினாள். பிறகு வேறு வீட்டுக்கு மாற்றுகிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. லதுஷாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு, அம்மா எந்த நேரத்திலும் படியேறி வந்துவிடுவாள் என்பது போல வாசலைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

சரோஜாதேவி பலகையில் உட்கார்ந்தார். "உம்மட அப்பா மருந்து அடிச்சவர், என்ன?"

"ஆமாங்க. புல்லு சாகடிக்கிற மருந்து."

"அதாலதான் நெஞ்சு பழுதாகிச் செத்தவர் எண்டு டொக்டர்மார் சொல்லீனம். இந்தத் தோட்டத்துத் தேயிலையை வேண்டி விக்கிறது லண்டன் கொம்பனி ஒண்டு. அங்க கோட்டில வழக்குப் போட்டிருக்கிறம். கொம்பனி என்ன சொல்லுது தெரியுமோ? நாங்கள் கொழும்பு ஏலத்தில தேயிலை வேண்டினனாங்கள், அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில எங்கட ஆள் ஒருத்தரும் காலே வைக்கேல்லை, அங்க ஆர் என்ன அடிச்சாலும் எங்களுக்குத் தெரியாதாம்."

"சாப்பிட்டவனுக்கு சமைச்சவன தெரியாதாம்" என்றான் ஜுனைதீன்.

"அவையின்ர ஆள் இஞ்ச வந்து, கண்ணால கண்டு, இப்பிடிச் செய் எண்டு சொன்னது நிரூபிச்சால் கொம்பனி பொறுப்பு. இல்லாட்டில் வழக்கு அதோட சரி. அதுதான் கேக்கிறன் பிள்ளை. வெளியில இருந்து ஆரும் தோட்டம் பாக்க வந்தவையோ?"

"வெள்ளக்காரங்க யாரும் வரலீங்க."

ஜுனைதீன் தலை துவட்டுவதை நிறுத்தினான். "நாங்க கலர் கேக்கல்லையே தங்கச்சி."

லதுஷாவுக்குக் காது சூடேறியது. கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்த வசனம் அதுதான். அதை எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

"லயத்தில எல்லாரும் இதே வசனம்தான் சொல்லீனம்" என்றார் சரோஜாதேவி. கோபமில்லாத குரல். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

லதுஷா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேத்தல் கொதித்தது. தேத்தண்ணி ஊற்றி இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, தம்பிக்குச் சின்ன டம்ளரில் ஆற்றி வைத்தாள். அந்த நேரம் பார்த்து அடுத்த காம்பரா அத்தை கருப்பம்மா, கையில் தேங்காய்ச் சிரட்டையோடு வந்து நின்றாள். அப்பாவின் அக்கா. நெருப்பெடுக்க வந்தேன் என்றாள். நெருப்பு அவள் அடுப்பிலேயே எரிந்துகொண்டிருப்பதைச் சுவர் இடுக்கு வழியாக எல்லோரும் பார்க்கலாம்.

சிந்துஜன் டம்ளரை எடுத்தான். உதட்டைக் குவித்து, தூரத்து ஆற்று மலைக்கே கேட்கிற மாதிரி ஒரு உறிஞ்சு. வாய்க்குள் உருட்டினான். கண்ணை மூடினான். பிறகு திரும்பி, வாசலுக்கு வெளியே புளிச்சென்று துப்பினான்.

"டேய்" என்று லதுஷா கையை ஓங்கினாள்.

"ஏசாத புள்ள" என்று சிரித்தாள் கருப்பம்மா. "சேனை வச்சவுக கொணம் எங்க போகும்? அவுகளும் இப்புடித்தானே, உறிஞ்சி உறிஞ்சித் துப்புனாக."

லதுஷாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

வெள்ளைக்காரர் வந்ததைச் சொல்லக்கூடாது என்று மொத்த லயமும் வாயைக் கட்டி வைத்திருந்தது. ஆனால் சேனைக் கதை அப்படியில்லை. அது பிள்ளை வளர்க்கிற கதை. இந்தப் பையன் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு வருடமாக யாராவது ஒருத்தி அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதையும் சேர்த்து மறைக்க வேண்டும் என்று கருப்பம்மாவுக்கும் தோன்றவில்லை, கணக்கப்பிள்ளைக்கும் தோன்றவில்லை.

"சேனை எண்டால் என்ன? எங்கட பக்கத்தில நான் கேள்விப்படேல்லை" என்றார் சரோஜாதேவி, டம்ளரை ஊதிக்கொண்டே.

கருப்பம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புள்ள பொறந்தா, நல்ல மனுசரு ஒருத்தரு கையால சீனித்தண்ணி தொட்டு நாக்குல வைக்கிறதுங்க மிஸ். வச்சவுக கொணம் அப்புடியே புள்ளைக்கு வரும். இவன் அக்காளுக்கு எங்க மாமியா வச்சாக. அதான் இவளும் வாயத் தொறக்க மாட்டா."

"இவனுக்கு ஆர் வைச்சது?"

கருப்பம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. லதுஷா தரையைப் பார்த்தாள்.

"டீமேக்கரய்யா" என்றாள் கருப்பம்மா.

"அப்ப சரிதானே மிஸ்" என்றான் ஜுனைதீன். "பெக்டரியில தேத்தண்ணி ருசி பாத்துத் துப்புறது அவர்ட வேல. துப்புறதுக்குச் சம்பளம். என்ட வாப்பா வெத்தல போட்டு சீவியம் பூரா துப்பினாரு, ஒருத்தனும் அஞ்சு சதம் குடுக்கல்ல."

சரோஜாதேவி சிரிக்கவில்லை. "டீமேக்கரைக் காலமை பெக்டரியில கண்டு கதைச்சனான். நல்ல மனுசன். போன தைப்பொங்கலுக்குப் பிறகுதான் வெலிமடைப் பக்கத்தில இருந்து இஞ்ச மாறி வந்தவராம்." சிந்துஜன் பக்கம் குனிந்தார். "தம்பிக்கு எத்தினை வயசு?"

சிந்துஜன் பெருமையாக மூன்று விரலைக் காட்டினான்.

"அடுப்புல சோறு கெடக்கு" என்று கருப்பம்மா கிளம்பினாள். நெருப்பெடுக்க வந்த சிரட்டை பலகையிலேயே கிடந்தது.

சரோஜாதேவி துருவித் துருவிக் கேட்பார் என்று லதுஷா உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "நல்ல சாயம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஜுனைதீன் சிந்துஜனுக்கு சலாம் வைத்தான். "போய்ட்டு வாறோம் தொரை."

த்ரீ வீலர் இறக்கத்தில் உருளும் சத்தம் கேட்டது. தப்பித்தோம் என்று நெஞ்சு லேசாக வேண்டும். லதுஷாவுக்கு அப்படி ஆகவில்லை. பனி இறங்கி எதிர் மலையை மூடியது. லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்கள் வந்து போன வீடு என்பதால், இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தம்பியைத் தவிர இன்னொரு ஆளோடு அவள் இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று? அதுவும் பேசியதெல்லாம் பொய். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கக்கூடாதா அந்த மிஸ் என்று நினைத்தாள். நினைத்ததற்குப் பயந்தும் போனாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். த்ரீ வீலர் சத்தம் தேய்ந்து போகவில்லை. கோயில் வளைவில் நின்றுவிட்டது.

ஈரப் படியில் செருப்புச் சத்தம். சரோஜாதேவி தனியாக வந்து வாசலில் நின்றார்.

"குடையை விட்டிட்டுப் போட்டன்" என்றார். குடை அவர் கையிலேயே இருந்தது.

லதுஷா குடையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்றே தெரியாமல் அழுகை வந்துவிட்டது. சரோஜாதேவி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் தன் குடையை முட்டுக் கொடுத்தார்.

"எனக்குச் சேனையில நம்பிக்கை இல்லைப் பிள்ளை. ஆனால் அத்தை ஒரு ஆளைக் கண்டிருக்கிறா. தேத்தண்ணியை உறிஞ்சித் துப்பிற ஆள், கூப்பிட்டுச் சேனை வைக்கிற அளவுக்குப் பெரிய ஆள். அந்த ஆளின்ர பேரைச் சொல்லத்தான் ஏலாது. சரியோ?"

லதுஷா தலையசைத்தாள். பிறகு குசுகுசுவென்று, சுவருக்குக் கேட்காமல், சொல்லத் தொடங்கினாள்.

"கச்சான் காத்து அடிக்கிற மாசங்க. அப்பா ஆத்து மலையில மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தாரு. அந்தக் காத்துல மருந்து திரும்பி நம்ம மூஞ்சிக்கேதான் வரும். அன்னிக்குத்தான் அம்மாவையும் தம்பியையும் பதுள ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தாங்க. அப்பாகிட்ட சொல்ல ஓடுனேன். அங்க நம்ம தோட்டத்து மேனேஜரு, பெரிய தொரை, நிக்கிறாரு. பக்கத்துல வெள்ளக்காரத் தொரை ஒருத்தரு, மூக்குல லேஞ்சித் துணிய வச்சிக்கிட்டு, காத்துப் படாத பக்கமா."

"என்ன கதைச்சவர்?"

"இங்கிலீசுலதாங்க. கணக்கப்புள்ள ஐயாதான் தமிழ்ல சொன்னாரு. ஆளு வச்சி புல்லு வெட்டுனா தேயிலை வெல கட்டாது, இந்த மருந்தத்தான் அடிக்கணும், ஒரு புல்லு நிக்கக்கூடாது, நின்னா அடுத்த வருசம் இந்தத் தோட்டத்துல எடுக்க மாட்டேன்னு. அப்பா டேங்கிய எறக்கி வச்சாரு. நெஞ்சு எரியுதுங்க, கைக்கு ஒரு உறை குடுங்கன்னு கைய நீட்டிக் காட்டுனாரு. நகமெல்லாம் வெந்து போயிருந்துச்சிங்க."

"அதுக்கு?"

"அந்த வெள்ளக்காரத் தொரை பால் குடிக்கச் சொன்னாரு."

சரோஜாதேவி அப்படியே பலகையில் உட்கார்ந்தார்.

"அப்புறம் எல்லாரும் லயத்துப் பக்கமா எறங்கி வந்தாங்க. பெக்டரியில அவரு தேத்தண்ணி ருசி பாத்தத எங்க அத்தை பாத்திருக்கு. ஆஸ்பத்திரியில சேனை வைக்க விடலைன்னு அம்மாவுக்குக் கொற. அந்தத் தொரை கையால வச்சா புள்ள வளந்து மருந்து டேங்கி தூக்காதுன்னு சொல்லி, தம்பியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. தொரை சிரிச்சாரு. வெரல வைக்கல. சட்டப் பையில இருந்து ஒரு கரண்டி எடுத்து, அதால சீனித்தண்ணி வச்சாரு. அம்மா கழுவிக் குடுத்தாங்க. திரும்ப வாங்கல. வச்சிக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"கரண்டி எங்க?"

லதுஷா அடுப்புக்கு மேலே, புகையில் கறுத்த கூரை இடுக்கில் கையை விட்டாள். துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வட்டமான, குழிந்த கரண்டி. சோற்றுக்கும் உதவாது, சீனிக்கும் உதவாது. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் கையோடு வைத்திருக்கிற வெள்ளிக் கரண்டி. காம்பில் ஒரு கொக்கு செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

சரோஜாதேவி தோள்பையிலிருந்து ஒரு தேயிலை டின்னை எடுத்தார். லண்டன் கடையில் வாங்கியது. டின்னின் மூடியிலும் அதே கொக்கு, அதே ஒற்றைக் காலில். அவள் அப்பா அடித்த மருந்தில் வளர்ந்த தேயிலை எந்த டின்னுக்குள் போகிறது என்பதை லதுஷா அன்றுதான் பார்த்தாள்.

"கொக்கு கொம்பனிக்குரியது. அது பெரிசில்லை" என்றார் சரோஜாதேவி. "இந்த ரெண்டும் ஒரு ஆளின்ர பேரின்ர முதல் எழுத்துகள். நாங்கள் அந்தத் தோட்டத்தில காலே வைக்கேல்லை எண்டு கோட்டில சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சவர் ஒருத்தர் இருக்கிறார். கொம்பனி டிரெக்டர். இது அவரின்ர பேர் பிள்ளை. சத்தியம் பண்ணினவர்தான் உம்மட தம்பிக்குச் சேனை வைச்சவர்."

லதுஷா கரண்டியை நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க மிஸ். எடுத்துட்டுப் போயிடுங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

சரோஜாதேவி கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நான் தொட்டால் இதுக்குப் பெறுமதி இல்லை. களவெடுத்தது, கொழும்பில வேண்டினது எண்டு சொல்லுவினம். கரண்டி கதைக்காது. நீர்தான் கதைக்கோணும். வாற வெள்ளிக்கிழமை லண்டன் வக்கீல்மார் பதுளைக்கு வருகினம், சாட்சி எடுக்க. கரண்டியை உம்மட கையால வைச்சு, இப்ப எனக்குச் சொன்னதை அங்க சொல்லோணும்."

"காம்பரா போயிடும்ங்க."

"போகும். நான் உமக்குப் பொய் சொல்ல மாட்டன். வழக்கு வெல்லுமோ எண்டும் தெரியாது. என்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்குது. அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

"அம்மா வந்தா?" லதுஷா வாசலைக் காட்டினாள். "அவங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதுங்க. இந்த வாசல் மட்டுந்தான் தெரியும். வந்து பாத்து பூட்டியிருந்தா, எங்கன்னு போவாங்க?"

சிந்துஜன் டின்னைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினான்.

கதவு தட்டப்பட்டது. குடை சரிந்து விழுந்தது.

கணக்கப்பிள்ளை சிவஞானம் நின்றார். கையில் புதுப் பூட்டு. கொஞ்சம் பின்னால், மூச்சிரைக்க ஜுனைதீன். "மறிச்சிப் பாத்தேன் மிஸ். த்ரீ வீலரக் குறுக்கால போட்டேன். மனிசன் தேயிலைக்குள்ளால ஏறி வந்திட்டாரு."

சிவஞானம் யாரையும் ஏசவில்லை. கரண்டியைப் பார்த்தார். அது இங்கேயே இருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருக்க வேண்டும்.

"என்னா புள்ள சொன்ன?"

இல்லை என்று சொல்லலாம். இன்னும் நேரம் இருந்தது. லதுஷா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தொரை வந்ததச் சொன்னேங்க."

"அவ்வளவுதானா?"

"அப்பா கையுறை கேட்டதச் சொன்னேன். பால் குடிக்கச் சொன்னதையும் சொன்னேன்."

சிவஞானம் பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவரு இங்கிலீசுல சொன்னாரு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒங்கப்பாகிட்ட தமிழ்ல சொன்னது நாந்தான்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரிய தொரைக்குச் சேதி போயிருச்சி, இன்னிக்கே பூட்டச் சொல்லியிருக்காரு. நான் இல்லாட்டி வேற ஆளு வந்து பூட்டும்."

எடுத்துக்கொள்ள அதிகமில்லை. ஒரு தகரப் பெட்டி, அப்பாவின் படம், இரண்டு கம்பளி, கேத்தல். ஜுனைதீன் பெட்டியைத் தோளில் வைத்தான். "த்ரீ வீலர்ல எடம் மிச்சமாவே ஈக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டு, அது சிரிப்பாக வரவில்லை என்று தெரிந்து பேசாமல் இறங்கினான். கருப்பம்மாவின் காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. லதுஷா அத்தையின் சிரட்டையை அவள் வாசற்படியில் வைத்தாள்.

பூட்டு விழுந்ததும் லதுஷா திரும்பினாள். அத்தை உட்பட லயத்தில் ஒருவரும் இனி அவர்கள் பேரை எடுக்கப் பயப்படுவார்கள்; சொல்லக்கூடியவராக இந்தத் தோட்டத்தில் எப்போதும் இருக்கப் போகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"ஐயா, அம்மா வந்தா நாங்க பதுளையில இருக்கோம்னு சொல்லுறீங்களா? எழுதி ஒட்டிப் பிரயோசனம் இல்லீங்க. வாயாலதான் சொல்லணும்."

"பதுளையில எங்கன்னு சொல்ல?"

லதுஷாவுக்குத் தெரியவில்லை. சரோஜாதேவியைப் பார்த்தாள். அவர் சொன்னார். நீதிமன்றத்துக்குப் பின் வீதி, படி இறங்கினால் மாமரம் நிற்கிற வீடு, கோட் மிஸ் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சிவஞானம் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிப் பழகிய வாய்.

"சொல்றேன்" என்றார்.

அவர்கள் படியிறங்கத் தொடங்கினார்கள். பனிக்குள் நாலைந்து படி போயிருப்பார்கள்.

"மிஸ்" என்று மேலேயிருந்து கூப்பிட்டார் சிவஞானம். "வெள்ளிக்கெழம சாட்சி சொல்ல நான் எத்தன மணிக்கு வரணும்?"

சரோஜாதேவி சட்டென்று நின்று திரும்பினார். ஜுனைதீன் தோளிலிருந்த பெட்டியை இறக்கிவிட்டான். இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சம்.

சாட்சி சொல்லி வேலை போய், அவரும் இந்தத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டால் அம்மாவிடம் யார் சொல்வது என்றுதான் லதுஷாவுக்குத் தோன்றியது.